வழித்துணையும் திருச்சபையும்

பெருங்காப்பியத்துக்குத் தனக்கு ஒப்பாரில்லாத தலைவன் ஒருவன் வேண்டும் என்பது தண்டியலங்காரம் வகுத்த நெறி. இந்நெறியில் பயின்ற தமிழ் மாணவர் எந்தப் பெருங்கதையைக் கையில் எடுப்பினும் அதன்கண் அத்தகைய ஒருவனையே முதற்கண் தேடுவர். ஜான் பன்யன் என்னும் ஆங்கில ஆசிரியர் கி.பி. 1678-இல் வெளியிட்ட யாத்திரிக நூலும் இப்பார்வைக்குத் தப்பவில்லை. எச். ஏ. கிருஷ்ணபிள்ளை அந்நூலின் கதையைத் தழுவி, 'இரட்சணிய யாத்திரிகம்' என்னும் காப்பியத்தை 1894-இல் தமிழுக்கு அளித்தார். தமிழ் பயில்வாருள் பலர் பன்யனின் கதையை அக்காப்பியத்தின் வாயிலாகவே அறிவர். அதனால், மனைவி மக்களைப் பிரிந்து, செவிகளை விரலால் அடைத்துக்கொண்டு, நிலைபேறான வாழ்வை நாடி ஓடும் ஒருவனது தனிப்பயணமே அந்நூலின் பொருள் என்று கொள்வது எளிதாயிற்று.

இக்கருத்து நூலின் தொடக்கத்துக்குப் பொருந்தும். நூல் முழுமைக்கும் பொருந்தாது. பன்யனின் யாத்திரிகன் தன்னிகரற்ற தலைவன் அல்லன். தன்னை ஒத்தவரால் வினவப்படுபவன், அவரால் கைகொடுத்துத் தூக்கப்படுபவன். ஒருவர் வாழ்வுக்கு மற்றவர் பொறுப்பேற்றல் என்னும் கடப்பாடே நூலின் நடுநரம்பாக ஓடுகின்றது. திருச்சபையில் உறுப்பினராதல் என்பதற்கு அவர் காலத்து எளிய மக்கள் கொண்ட பொருளும் அதுவே. அக்கடப்பாடு நூலின் முதற்பகுதியில் எவ்வாறு அமைந்துள்ளது, எவ்விடத்தில் குறைவுபடுகின்றது, 1684-இல் வந்த இரண்டாம் பகுதி அக்குறையை எவ்வாறு நிரப்புகின்றது என்பவற்றை ஈண்டு ஆராய்வோம். பாத்திரப் பெயர்கள் பொருள்பற்றித் தமிழாக்கித் தரப்படுகின்றன. தலைவன் பெயர் மட்டும் கிறிஸ்தியான் என்றே வழங்கப்படும்.

1. பெட்ஃபோர்டுச் சபை

பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்தில், ஓர் ஊரின் எல்லைக்குள் பிறந்து திருமுழுக்குப் பெற்றவர் அனைவரும் அவ்வூர்க் கோயிலைச் சேர்ந்தவராகவே பொதுவாகக் கருதப்பட்டனர். உறுப்புரிமை பிறப்பாலும் இருப்பிடத்தாலும் வந்தது. இதற்கு மாறாக, பெட்ஃபோர்டு நகரில் 1650-இல் பன்னிருவர் கூடி அமைத்த சபை உடன்பாட்டால் அமைந்தது. ஜான் கிஃபோர்டு அதன் முதல் போதகர். அச்சபையில் சேர விரும்புவோர் கிறிஸ்துவின்மேல் கொண்ட நம்பிக்கையும் தூய வாழ்வும் உடையவராதல் வேண்டும். தம் உள்ளத்தில் இறையருள் செய்த வேலையைச் சபையார்க்கு எடுத்துரைத்தல் வேண்டும். புறச்சடங்குகள் பற்றிய கருத்து வேற்றுமை சேர்க்கைக்குத் தடையாகாது என்பது அவர்கள் கொள்கை. 1655-இல் இறக்கும் தறுவாயில் சபைக்கு எழுதிய மடலில், அத்தகைய வேற்றுமைகளை முன்னிட்டுப் பிளவுபடலாகாது என்று கிஃபோர்டு வற்புறுத்தினார்.

எல்ஸ்டோவில் 1628-இல் பிறந்து, ஓட்டைப் பாத்திரங்களை அடைக்கும் தொழிலைச் செய்துவந்த பன்யன் இச்சபையை வந்தடைந்த வரலாறு நோக்கத்தக்கது. அதனை அவரே 1666-இல் வெளிவந்த தம் தன்வரலாற்று நூலில் கூறியுள்ளார். பெட்ஃபோர்டுத் தெருவொன்றில், வாயிற்படியில் வெயில் காய்ந்தவாறு ஏழைப் பெண்கள் மூவர் நால்வர் தம் உள்ளத்து நிலையைப் பற்றித் தமக்குள் பேசிக்கொண்டிருந்தனர். அதனைச் செவியுற்ற பன்யன், தாம் சமயத்தைப் பற்றிப் பேச அறிந்தவரேயன்றி அப்பெண்கள் பேசிய பொருளை அறியாதவர் என்று உணர்ந்தார். அப்பெண்களின் வழியாகவே அவர் கிஃபோர்டை அறிந்தார். கோயில் மேடைச் சொற்பொழிவு அவரைச் சபைக்கு ஈர்த்ததாக அவர் கூறவில்லை. ஒருவர்க்கொருவர் உள்ளம் திறந்து பேசிய அயலாரின் பேச்சே அவரை ஈர்த்தது. இந்நிகழ்ச்சியை உளத்திற்கொண்டு யாத்திரிக நூலைக் கற்பார்க்கு, அதில் உரையாடல் ஏன் இத்துணை இடம் பெறுகின்றது என்பது எளிதிற் புலனாகும்.

ஆகவே, இச்சபையார் கருத்தில் உறுப்பினராதல் என்பது ஏட்டில் பெயர் எழுதப்படுதல் மட்டும் அன்று. 'என்னை வினவ உங்களுக்கு உரிமை உண்டு. உங்களை வினவும் கடமை எனக்கு உண்டு' என்று ஒப்புக்கொள்ளுதலே ஆகும். தவறிய உடன்பிறப்பை முதலில் தனிமையிலும், பின்னர் ஓரிருவரை உடன்கொண்டும், இறுதியிற் சபையின் முன்னிலையிலும் திருத்த வேண்டும் என்று மத்தேயு நற்செய்தியின் பதினெட்டாம் அதிகாரம் முறை வகுத்துள்ளது. தனிமையில் தொடங்கும் அம்முறை ஒருவனை இழிவுபடுத்துவதை நாடவில்லை, மீட்பதையே நாடுகின்றது.

2. எழில்மனையின் வாயில்

நூலுள் இவ்வொப்பந்தம் உருவம் பெறும் இடம் எழில்மனை. இடர்மலை ஏறிவந்த கிறிஸ்தியான் இம்மாளிகையின் வாயிலை இரவில் அடைகின்றான். வாயில் காப்போனாகிய விழிப்பன், ஏன் இத்துணைத் தாழ்த்து வந்தாய் என்று கேட்கின்றான். மலைவழிப் பந்தலில் உறங்கிவிட்டதையும், கையிலிருந்த சுருளைத் தவறவிட்டதையும், அதனைத் தேடித் திரும்பச் சென்றதையும் கிறிஸ்தியான் மறைக்காமல் கூறுகின்றான். தகுதிகளை எடுத்துச் சொல்லி ஒருவன் நுழைய முயலக்கூடிய இடத்தில், தன் சோர்வைச் சொல்லி இவன் நுழைகின்றான்.

பின்னர் விவேகம், பத்தி, மதிநுட்பம், அன்பு என்னும் மகளிர் நால்வர் அவனை ஒருவர்பின் ஒருவராக வினவுகின்றனர். வழியில் கண்டவை எவை, விட்டுவந்த நாட்டின் நினைவு இன்னும் வருகின்றதா, உள்ளத்துத் தீய எண்ணங்கள் எப்பொழுது அடங்குகின்றன என்றெல்லாம் கேள்விகள் எழுகின்றன. இறுதியில் அன்பு என்பாள், மனைவி மக்களை ஏன் உடன் அழைத்து வரவில்லை என்கின்றாள். கிறிஸ்தியான் அழுகின்றான். அழைத்தும் அவர்கள் வரவில்லை என்று அவன் சொல்லியும் அவள் விடவில்லை. வாயால் அழைத்துவிட்டு வாழ்வால் அவ்வழைப்பைக் கெடுத்தாயோ என்று மேலும் வினவுகின்றாள். குடும்பத்தைத் துறந்தோடும் தன்னலத்தான் என்று பிற்காலத்தார் கிறிஸ்தியான்மேல் சாற்றும் குற்றத்தை நூலாசிரியரே நூலுள் கேள்வியாக வைத்துள்ளார் என்பதும், அக்கேள்வியை அன்பின் வாயில் வைத்துள்ளார் என்பதும் கருதத்தக்கன. உசாவல் முடிந்த பின்னரே உணவும், அமைதி எனப் பெயரிய அறையும், போர்க்கலங்களும் அவனுக்கு வழங்கப்படுகின்றன.

இவ்வாராய்ச்சியைக் கண்டிப்பு என்று வெறுப்பார் உளர். அவர்க்குத் திருக்குறளின் அதிகார வைப்பு விடையளிக்கும். 'நட்பு' என்பதன்பின் 'நட்பாராய்தல்' அமைந்துள்ளது. ஒருவரை நண்பராகக் கொண்டபின் கைவிடுதல் இயலாது. ஆதலின் கொள்ளுமுன் ஆராய்க என்பது அவ்வதிகாரத்தின் தொடக்கக் கருத்து. ஆராய்ச்சியின் கடுமைக்கு அடிப்படை ஐயப்பாடு அன்று. பின்வரும் உறவின் விடுபடாத தன்மையே ஆகும். எளிதில் விட்டுவிடக்கூடிய உறவாயின் ஆராய வேண்டுவதில்லை. எழில்மனை வினாக்களின் நியாயமும் இதுவே.

3. இருவர் நடக்கும் வழி

எழில்மனையை விட்டுச் சென்ற கிறிஸ்தியான் சாவு நிழலின் பள்ளத்தாக்கில் தனித்துச் செல்கின்றான். இருளில் தனக்கு முன்னே ஒருவன் நடந்துகொண்டே இறைவனைப் போற்றும் குரல் அவன் காதில் விழுகின்றது. இங்குத் தான் ஒருவனே இல்லை என்னும் எண்ணமே அவனுக்கு ஊக்கம் தருகின்றது. அவ்வாறு முன்சென்றவன் உண்மையன். அவனைக் கண்டதும் கிறிஸ்தியான் விரைந்தோடி முந்துகின்றான். முந்திய பெருமிதத்தில் புன்னகை செய்கின்றான். காலைக் கவனியாமல் இடறி வீழ்கின்றான். உண்மையன் வந்து தூக்கும் வரையில் அவனால் எழ முடியவில்லை. தோழமையின் முதற்பாடம் இவ்வீழ்ச்சியே. உடன்வருவோனைப் போட்டியாளனாகக் கருதியவன், அவன் கைப்பிடித்தே எழவேண்டியதாயிற்று.

மாயச் சந்தையில் உண்மையன் கொல்லப்பட்டபின் நம்பிக்கையன் துணையாகின்றான். இருவரும் உடன்பிறப்பு உடன்படிக்கை செய்துகொண்டு நடக்கின்றனர் என்று ஆசிரியர் கூறுவது சபை வழக்காறு ஆகும். இவர்களது உடன்படிக்கை நான்கு இடங்களில் சோதிக்கப்படுகின்றது.

முதலாவது, பக்கவழிப் புல்வெளி. கரடுமுரடான பாதையில் கால் நொந்த கிறிஸ்தியான் எளிய பக்கவழியில் செல்லலாம் என்கின்றான். நம்பிக்கையனுக்கு உடனே அச்சம் தோன்றுகின்றது. எனினும் அவன் மெல்லக் குறிப்பாகச் சொல்லி நிறுத்திக்கொள்கின்றான். இன்னும் வெளிப்படையாகச் சொல்லியிருப்பேன், நீர் மூத்தவராயிற்றே என்று அவன் பின்னர் கூறும் காரணம் நம் நாட்டார்க்கு நன்கு பழகியது. மூத்தோர்க்குக் காட்டும் மதிப்பே ஈண்டு இருவரையும் ஐயக்கோட்டைச் சிறையில் தள்ளுகின்றது. கடிந்து சொல்வார் இல்லாத மன்னனைக் கெடுக்கப் பகைவர் வேண்டா என்று 'பெரியாரைத் துணைக்கோடல்' அதிகாரத்துள் வள்ளுவர் கொண்ட கருத்து அரசனுக்கு மட்டும் உரியது அன்று. பிழை தெரிந்ததும் கிறிஸ்தியான் இளையவனிடம் மன்னிப்பு வேண்டுகின்றான். அவனும் மனமுவந்து மன்னிக்கின்றான். திரும்பும்போது யார் முன்செல்வது என்னும் கேள்வி எழுகின்றது. கேட்டை விளைத்தவன் நானாதலின் இடர் வரின் என்மேல் வரட்டும் என்கின்றான் கிறிஸ்தியான். நம்பிக்கையன் அதற்கு இசையவில்லை. கலங்கிய மனத்தோடு முன்சென்றால் மீண்டும் வழி தவறுவீர் என்கின்றான். மன்னிப்பு வேறு, வழிநடத்தும் பொறுப்பை உடனே திரும்ப ஒப்படைத்தல் வேறு என்னும் நுண்ணிய வேறுபாட்டைப் பன்யன் இச்சிறு உரையாடலில் காட்டிவிடுகின்றார்.

இரண்டாவது, ஐயக்கோட்டை. சிறையில் வாடிய கிறிஸ்தியான் உயிரை மாய்த்துக்கொள்ள நினைக்கின்றான். முன்னே அவன் கடந்துவந்த இடர்களை ஒவ்வொன்றாக நினைவூட்டி நம்பிக்கையன் அவனைத் தடுக்கின்றான். ஒருவன் தன் வரலாற்றை மறந்த வேளையில் அதனை அவனுக்காக நினைவில் வைத்திருத்தல் துணைவன் கடன் ஆகின்றது.

மூன்றாவது, முகத்துதியனின் வலை. இருவர் கையிலும் வழிக்குறிப்பு இருந்தது. இருவரும் அதனைப் பார்க்க மறந்தனர். ஒருவர்க்கொருவர் துணையாயினும் இருவரும் ஒருங்கே மயங்குதல் கூடும் என்பது இதனாற் பெறப்படும். தமக்குள் இசைவுற்றிருத்தல் ஒன்றே போதாது. இருவர்க்கும் மேலான ஓர் அளவுகோல் வேண்டும். சபை ஒழுங்கு என்ற பெயரால் ஒரு கூட்டத்தாரின் மனப்போக்கு இறைவாக்கின் இடத்தைக் கைப்பற்றலாகாது என்னும் எச்சரிக்கையும் இதன்கண் அடங்கியுள்ளது.

நான்காவது, மயக்கநிலம். அங்கே நம்பிக்கையனுக்கு உறக்கம் வருகின்றது. கிறிஸ்தியான் அவனை உறங்கவிடாமல், இறையருள் உன்னிடம் எவ்வாறு வேலை தொடங்கியது என்று கேட்டுப் பேச வைக்கின்றான். சபை சேர்க்கையின்போது கேட்கப்பட்ட அதே கேள்வி இது என்பது கருதத்தக்கது. வாயிலில் ஒருமுறை கேட்டு முடித்துவிட்ட வினா அன்று. உறக்கம் வரும் வேளைதோறும் மீண்டும் கேட்கப்பட வேண்டிய வினா. திருப்பாவையும் திருவெம்பாவையும் துயிலும் தோழியரை வாயில்தோறும் சென்று எழுப்பும் மகளிரைக் காட்டுகின்றன. அனைவரும் சேர்ந்தே செல்ல வேண்டும் என்னும் எண்ணம் அங்கு ஒலிக்கின்றது. சமயமும் காலமும் வேறாயினும், உறங்குவாரை எழுப்புதல் அன்பின் செயல் என்பதில் இருமரபும் ஒன்றுபடுகின்றன.

4. பின்தங்கிய ஒருவன்

இத்துணைச் சிறப்புடைய முதற்பகுதி ஓரிடத்தில் கற்பார் நெஞ்சை உறுத்துகின்றது. அறியாமையன் என்னும் இளைஞன் குறுக்குச் சந்து ஒன்றின் வழியே பாதையை வந்தடைந்தவன். குறுகிய வாயிலையும் எழில்மனையையும் அவன் கண்டதில்லை. தன் உள்ளம் நல்லது என்பதில் அவனுக்கு ஐயமே இல்லை. கூட்டத்தோடு செல்வதினும் தனித்து நடப்பதே தனக்கு இன்பம் என்று அவன் வெளிப்படையாகவே கூறுகின்றான். ஆகவே, சபையின்றிச் சமயம் உண்டு என்று கருதுவோர்க்கு அவன் ஓர் உருவகம் எனலாம்.

தோழர் இருவரும் அவனை முற்றிலும் புறக்கணித்தார் அல்லர். எல்லாவற்றையும் ஒரே முறையில் சொல்லுதல் நன்றன்று, அவன் தாங்கும் அளவறிந்து பின்னர்ச் சொல்வோம் என்று நம்பிக்கையன் கூறுகின்றான். பின்னர் அவன் வரும்வரை காத்திருந்து உரையாடவும் செய்கின்றனர். ஆயினும் அவ்வுரையாடல் வழக்குமன்றத்து வாதம்போல் முடிகின்றது. உங்கள் வேகத்துக்கு என்னால் நடக்க இயலாது, நீங்கள் முன்னே செல்லுங்கள், நான் சற்றுப் பின்தங்கி வருவேன் என்கின்றான் அறியாமையன். அவனுக்காக இரங்கிப் பேசியவாறே அவர்கள் முன்செல்கின்றனர். ஆற்றில் கிறிஸ்தியான் மூழ்கும்போது நம்பிக்கையன் அவன் தலையை நீர்மேல் தாங்கிக் கரைசேர்க்கின்றான். அறியாமையனோ வீண்நம்பிக்கை என்னும் ஓடக்காரனால் எளிதில் கடத்தப்பட்டு, எதிர்கொள்வார் ஒருவருமின்றி நகர்வாயிலை அடைகின்றான். அங்குச் சான்றுச் சுருள் கேட்கப்படுகின்றது. அவன் வாய் திறக்கவில்லை. வழியில் கேட்ட வினாக்களைத் தட்டிக் கழித்தவன் வாயிலில் விடையின்றி நிற்கின்றான். விண்ணக வாயிலிலிருந்தும் நரகுக்கு வழி உண்டு என்னும் அச்சத்தோடு கனவு முடிகின்றது.

ஆசிரியர் கருத்தில் அறியாமையனின் கேடு அவன் செருக்கால் வந்தது. அதனை மறுத்தற்கில்லை. எனினும், மெய்யாகவே மெலிந்த ஒருவன் 'என்னால் உங்களோடு நடக்க இயலாது' என்று சொன்னால் சபை என்ன செய்தல் வேண்டும் என்னும் கேள்வி முதற்பகுதியில் விடைபெறாமல் நிற்கின்றது. ஒத்த வலிமையுடைய இருவர்க்கு அமைந்த தோழமை வலிமை குறைந்தவனுக்கு எவ்வாறு அமையும்?

5. பெருநெஞ்சனின் விடை

1684-இல் வெளிவந்த இரண்டாம் பகுதி, கிறிஸ்தியானின் மனைவியும் மக்களும் மேற்கொள்ளும் பயணத்தைக் கூறுவது. முதற்பகுதியின் விறுவிறுப்பு இதன்கண் இல்லை என்று குறைகூறுதல் உண்டு. கதையின் வேகம் குறைந்தது உண்மையே. ஆனால் அவ்வேகக் குறைவே இப்பகுதியின் பொருள் என்பதைக் குறைகூறுவார் நோக்கவில்லை. இங்கே நடப்பது ஒரு கூட்டம். அக்கூட்டத்தில் சிறுவரும் முதியோரும் ஊனமுற்றோரும் உளர்.

வழிகாட்டியாகிய பெருநெஞ்சன், மெலிமனத்தன் என்பவனை அரக்கன் ஒருவன் கையினின்றும் மீட்கின்றான். விடுதியை விட்டுப் புறப்படும் வேளையில் மெலிமனத்தன் உடன்வரத் தயங்குகின்றான். நீங்கள் அனைவரும் வலியர், நான் மெலியன். பிறர்க்குத் தடையில்லாதனவும் என் மனத்தை உறுத்தும். ஆகையால் நான் பின்னே வருகின்றேன் என்கின்றான். அறியாமையன் சொன்ன சொல்லும் ஏறத்தாழ இதுவே. ஆனால் விடை முற்றிலும் வேறு. உனக்காகக் காத்திருப்போம், உனக்குத் துணை செய்வோம், உன்பொருட்டுக் கருத்திலும் நடையிலும் சிலவற்றைத் துறப்போம், உன்னைக் கலக்கும் வாதங்களை உன் முன்னிலையில் எழுப்போம், உன்னைப் பின்னே விட்டுச்செல்ல மாட்டோம் என்கின்றான் பெருநெஞ்சன்.

அவ்வேளையில் ஊன்றுகோல்களோடு மற்றொரு நொண்டி யாத்திரிகன் வந்து சேர்கின்றான். வேண்டுமாயின் என் கோல்களுள் ஒன்றைத் தருவேன் என்று அவன் மெலிமனத்தனிடம் கூறுகின்றான். கால் நொண்டியாகுமுன் கோலூன்ற எனக்கு விருப்பமில்லை, எனினும் நாயை ஓட்ட உதவும் என்கின்றான் மெலிமனத்தன். நகைச்சுவை ததும்பும் இவ்விடத்தில் ஆழ்ந்ததோர் உண்மை உள்ளது. தாங்கப்படுபவனும் தாங்க முன்வருகின்றான். ஒருவர் சுமையை ஒருவர் சுமக்க வேண்டும் என்றும், அவரவர் பாரத்தை அவரவரே சுமப்பர் என்றும் பவுலடிகள் கலாத்தியர்க்கு எழுதிய மடலின் ஆறாம் அதிகாரம் இருவகையாகக் கூறுவது முரண்போலத் தோன்றும். இரண்டாம் பகுதியின் முடிவு அம்முரணைத் தீர்க்கின்றது. ஆற்றை ஒவ்வொருவரும் தத்தம் அழைப்பு வந்தபோது தாமே கடக்கின்றனர். ஆனால் ஆற்றங்கரை வரையில் தோழர் உடன்வருகின்றனர்.

இரு பகுதிகளுக்கும் இடையே நேர்ந்த மாற்றத்துக்கு ஆசிரியரின் வாழ்க்கையில் ஒரு விளக்கம் தேடலாம். 1660 முதல் 1672 வரை ஏறத்தாழ 12 ஆண்டுகள் சிறையிருந்த பன்யன், முதற்பகுதியை அங்கேயே தொடங்கினார் என்று ஆராய்ச்சியாளர் பலர் கொள்வர். 1672-இல் அவர் சபையின் போதகராகத் தெரிந்தெடுக்கப்பட்டார். திருமுழுக்கைப் பற்றிய வேற்றுமை சபை உறவுக்குத் தடையாகாது என்று 1673-இல் அவர் எழுதிய நூல், கிஃபோர்டின் மடற்கருத்தையே போற்றுகின்றது. பலவகை மனத்தினரைப் பல்லாண்டு பேணிய அனுபவம் இரண்டாம் பகுதியில் பெருநெஞ்சனின் பொறுமையாக வெளிப்பட்டது எனல் பொருத்தமுடைய ஊகமே, முடிந்த முடிபன்று.

6. ஒரு தடை

அவ்வனுபவத்துக்கும் எல்லை இருந்தது. சபைப் பெண்கள் தனித்துக் கூடி இறைவேண்டல் நடத்துதல் கூடாது என்று 1683-இல் பன்யன் ஒரு நூல் எழுதினார். வாயிற்படியில் பேசிய ஏழைப் பெண்களிடம் பாடம் கேட்டவரும், எழில்மனையின் வினாக்களை மகளிர் நால்வர் வாயில் வைத்தவரும் அவரே என்பதை நினைக்குங்கால், இதனை முரண்பாடு என்றே கூறவேண்டியுள்ளது. கதையில் வழங்கிய உரிமையைச் சபையில் அவர் வழங்கவில்லை. ஒருவரையொருவர் வினவும் கடமை சிலர்க்கு மட்டும் உரிமையாகும்போது அது பரிமாற்றம் என்னும் தன்மையை இழந்து மேலாண்மையாகத் திரியும். இக்குறையை மறைத்து நூலைப் புகழ்தல் திறனாய்வாகாது. ஆயினும், ஆசிரியரின் நடைமுறையைக் கண்டிக்கும் அளவுகோலை அவர் படைப்பே நமக்குத் தருகின்றது; படைப்பின் பெருமைக்கு அதுவும் ஒரு சான்று.

இதுகாறும் கூறியவற்றால் பன்யனின் நூல் ஒப்பற்ற தனியொருவனின் வீரகாதை அன்று என்பது பெறப்படும். வாயிலில் தன் சோர்வைச் சொல்லி நுழைந்தவன், வழியில் தோழனால் தூக்கப்பட்டு, தோழனைத் தூங்கவிடாமல் காத்து, ஆற்றில் தோழன் கையால் தலைநிமிர்ந்தான். அவனுக்குப்பின் வந்த கூட்டம், மெலிந்தவன் ஒருவனுக்காகத் தன் நடையைத் தளர்த்திக்கொண்டது. வினவும் துணிவு மட்டும் உடைய சபை அறியாமையனை இழந்துவிடும். காத்திருக்கும் பொறுமை மட்டும் உடைய சபை மயக்கநிலத்தில் உறங்கிவிடும். இவ்விரண்டும் ஒருங்கே வாய்த்த தோழமையே திருச்சபை என்னும் பெயருக்கு உரியது என்பதனை, இரு பகுதிகளையும் சேர்த்துக் கற்பார் உணர்வர். கிருஷ்ணபிள்ளையின் காப்பியத்தைப் பயில்வோரும் தலைவனை மட்டும் நோக்காது, அவனோடு வழிநடந்தாரையும் நோக்கிப் பயில்வாராயின், காப்பிய இலக்கணம் காட்டாத ஒரு நயத்தை அதன்கண் காண்பர்.